வெகார்டு விதி 19 சதவீதம் என்கிறது, ஈடிஎஸ் 12 என்கிறது: எதை நம்புவது?

#1 புதுப்படலம்

வணக்கம். ஆராய்ச்சியில் இது முதல் வருடம். கேள்வி ரொம்ப அடிப்படையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எம்ஓசிவிடியில் (வாயுக்களை வினைபுரியவைத்துப் படலம் வளர்க்கும் முறை) காலியம் நைட்ரைடின் மேல் 40 நானோமீட்டர் தடிமனுக்கு இண்டியம் காலியம் நைட்ரைடு வளர்த்தேன். எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு) 0002 தளங்களின் பிரதிபலிப்பைப் பார்த்தால், கீழே இருக்கும் காலியம் நைட்ரைடின் உச்சம் 34.57 டிகிரியில் ஒழுங்காக நிற்கிறது. படலத்தின் உச்சம் 33.89 டிகிரியில் வருகிறது. அதிலிருந்து சி அச்சின் (படிகக் கூட்டின் செங்குத்துப் பக்கம்) நீளம் 5.285 ஆங்ஸ்ட்ராம். காலியம் நைட்ரைடுக்கு இது 5.185, இண்டியம் நைட்ரைடுக்கு 5.703. இரண்டுக்கும் நடுவே வெகார்டு விதிப்படி (கலவை மாறும் விகிதத்திலேயே கூட்டின் அளவும் மாறும் என்பது) நேர்கோடு போட்டால் இண்டியம் 19 சதவீதம் என்று வருகிறது.

அதே துண்டில் ஈடிஎஸ் (எலக்ட்ரான் கற்றை பட்டு வெளிவரும் எக்ஸ் கதிரை வைத்துத் தனிமங்களை அளப்பது) எடுத்தால் 12 சதவீதம். ஒன்றிரண்டு தள்ளிப்போனால் பரவாயில்லை, ஏழு தள்ளிப்போகிறது. எந்த எண்ணை எழுதுவது?

#2 வெகார்டு_பக்தன்

ஈடிஎஸ்ஸைத் தூக்கி ஓரமாக வையுங்கள். 40 நானோமீட்டர் படலத்தில் எஸ்இஎம்-மின் (மேற்பரப்பை வருடும் எலக்ட்ரான் நுண்ணோக்கி) எலக்ட்ரான் கற்றை நிற்குமா? நேராகக் கீழே இறங்கிவிடும். அடியில் இருக்கும் காலியத்தையும் சேர்த்து எண்ணிக்கொண்டு இண்டியம் குறைவு என்று சொல்லும். 1921-லிருந்து வெகார்டு விதியை வைத்துத்தான் எல்லோரும் கலவையைக் கணக்கிடுகிறார்கள். 19 என்று எழுதுங்கள்.

#3 புதுப்படலம்

எஸ்இஎம்-மில் எடுக்கவில்லை. குறுக்குவெட்டாக மெலிதாக்கி டிஇஎம்-மில் (ஊடுருவும் எலக்ட்ரான் நுண்ணோக்கி) எடுத்தது. கற்றை படலத்துக்குள் மட்டும்தான் போனது, நான்கு இடங்களில் பார்த்தேன்.

#4 விளிம்பு_விளைவு

அப்படியானால் ஈடிஎஸ் பக்கம் நியாயம் இருக்கிறது. வெகார்டு மீதும் தப்பில்லை. நீங்கள் அவரிடம் கேட்ட கேள்விதான் தப்பு.

வெகார்டு சொன்னது சுதந்திரமாக நிற்கும் படிகத்தைப் பற்றி. உங்கள் படலம் சுதந்திரமாக நிற்கவில்லை. 12 சதவீத இண்டியம் இருக்கும் கலவைக்கு, தன் இஷ்டப்படி விட்டால், ஏ அச்சு, அதாவது கூட்டின் பக்கவாட்டு நீளம், 3.232 ஆங்ஸ்ட்ராம் வேண்டும். கீழே இருக்கும் காலியம் நைட்ரைடோ 3.189 தான் தரும். படலம் மெலிதாக இருக்கும்வரை ஊரோடு ஒத்து வாழும், 3.189-க்கே ஒடுங்கிக்கொள்ளும். பக்கவாட்டில் 1.3 சதவீத அமுக்கம் என்பது குறைக்கடத்திக்குச் சாதாரண விஷயம் இல்லை. பக்கவாட்டில் அமுக்கினால் மேல்பக்கம் பிதுங்கும். மீள்தன்மை மாறிலிகளை வைத்துப் பார்த்தால், பக்கவாட்டுத் திரிபில் (இயல்பு நீளத்திலிருந்து மாறிய விகிதம்) ஏறத்தாழ 0.55 மடங்கு சி அச்சில் நீட்சியாக வரும். இயல்பாக 5.247 இருக்க வேண்டிய சி அச்சு 5.285 ஆகிறது.

உங்கள் கருவி காட்டிய எண்ணும் அதேதான். உங்கள் 19-இல் 12 மட்டும்தான் இண்டியம், மிச்ச ஏழும் திரிபு.

0002 என்பது சமச்சீர்ப் பிரதிபலிப்பு, சி அச்சை மட்டுமே பார்க்கும். ஒரு அளவீட்டில் கலவை, திரிபு என்று இரண்டு தெரியாத எண்களைப் பிடிக்க முடியாது. 105 போன்ற சாய்ந்த பிரதிபலிப்பைச் சுற்றி ஒரு தலைகீழ்வெளி வரைபடம் (பிரதிபலிப்புகள் எங்கே புள்ளியாக விழுகின்றன என்ற படம்) எடுங்கள். ஏ, சி இரண்டும் கிடைக்கும். அப்புறம் கணக்குப் போடுங்கள்.

#5 புதுப்படலம்

ரொம்ப நன்றி சார். இது புரியாமல் இரண்டு வாரமாகக் கருவியின் சீரமைப்பைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த முறை நேரம் கிடைக்கும்போது 105 எடுத்துவிட்டு வருகிறேன்.

#6 விளிம்பு_விளைவு

சார் இல்லை. அக்கா போதும். எடுத்துவிட்டுக் கட்டாயம் இங்கே போடுங்கள், பாதி இழைகள் முடிவு தெரியாமலே செத்துப்போகின்றன.

#7 வெகார்டு_பக்தன்

டிஇஎம் என்று சொல்லாதது உங்கள் தப்பு, கேட்காதது என் தப்பு. சரி, திரிபு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திரிபைக் கழித்த பிறகு நிற்பது வெகார்டு விதிதானே? பெரிய அணுவை அதிகம் போட்டால் லாட்டிஸ் (அணுக்களின் படிகச் சட்டகம்) பெரிதாகும், சிறியதைப் போட்டால் சுருங்கும், எல்லாம் நேர்கோடு. கலவை தெரிந்தால் அமைப்பு தெரிந்த மாதிரி. இதில் மர்மம் எதுவும் இல்லை.

#8 கணக்குப்பிள்ளை

மர்மம் இருக்கிறது. அது சராசரிக்கு அடியில் ஒளிந்திருக்கிறது.

முதலில், அது விதி என்பதே கொஞ்சம் தாராளமான பேச்சு. வெகார்டு உப்புகளின் கலவைகளில் பார்த்து எழுதிய ஒரு நல்ல ஒழுங்கு அது. சிலிக்கானும் ஜெர்மானியமும் எல்லா விகிதத்திலும் கலக்கும், ஒன்று 5.431, மற்றது 5.658, இரண்டும் ஒரே வைர அமைப்பு. அங்கேயே கோடு நேராகப் போகாமல் நடுவில் லேசாகக் கீழ்நோக்கித் தொய்கிறது. தொய்வு சிறியது, அதைப் பிடித்து நான் சண்டை போட வரவில்லை.

சண்டைக்குரிய விஷயம் வேறு. இண்டியம் ஆர்சனைடில் இண்டியத்துக்கும் ஆர்சனிக்குக்கும் இடையே 2.623 ஆங்ஸ்ட்ராம். காலியம் ஆர்சனைடில் காலியத்துக்கும் ஆர்சனிக்குக்கும் 2.448. இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்தால் லாட்டிஸ் மாறிலி வெகார்டு சொன்னபடியே நடுவில் வரும். அப்படியானால் உள்ளே இருக்கும் எல்லாப் பிணைப்புகளும் 2.53 ஆகிவிட்டன என்றுதானே நினைப்போம்? 1982-ல் மிக்கெல்சனும் பாய்ஸும் எக்ஸாஃப்ஸ் முறையில் (எக்ஸ் கதிர் உறிஞ்சலை வைத்து அண்டை அணுக்களின் தூரத்தை அளப்பது) தனித்தனி அணுவைச் சுற்றிப் பார்த்தார்கள். 2.53-இல் யாருமே இல்லை. காலியம்–ஆர்சனிக் பிணைப்பு கிட்டத்தட்டத் தன் பழைய நீளத்திலேயே இருந்தது, இண்டியம்–ஆர்சனிக்கும் அப்படியே. கலவையை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மாற்றினால் சராசரி 0.17 ஆங்ஸ்ட்ராம் நகர்கிறது. ஒவ்வொரு பிணைப்பும் நகர்ந்தது சுமார் 0.04 மட்டுமே.

பிணைப்பின் நீளத்தை மாற்றுவதைவிட அதன் கோணத்தை மாற்றுவது அணுக்களுக்கு மலிவு. அதனால் ஆர்சனிக் அணுக்கள்தான் இடம் நகர்ந்து கொடுக்கின்றன. ஒரு ஆர்சனிக்கைச் சுற்றி நான்கு அண்டை வீட்டார். மூன்று இண்டியம், ஒரு காலியம் என்றால் அது காலியத்தின் பக்கம் சாய்ந்து நிற்கும். இரண்டுக்கு இரண்டு என்றால் வேறு மாதிரி நிற்கும். கலவையின் லாட்டிஸ் மாறிலி 5.85 என்று நாம் எழுதும் எண்ணுக்குள் இத்தனை சாய்வுகளும் அடங்கிக் கிடக்கின்றன.

#9 அரைத்தூக்கம்

ஒரு சின்ன சந்தேகம். அணுக்கள் எல்லாம் இப்படி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றால் எக்ஸ்ஆர்டி உச்சம் ஏன் கூர்மையாக வருகிறது? பரந்து கிடக்க வேண்டாமா?

#10 விளிம்பு_விளைவு

நல்ல சந்தேகம். சாய்வுகள் சராசரி இடத்தைச் சுற்றித்தான் நடக்கின்றன. சராசரி இடங்களின் வரிசை ஆயிரக்கணக்கான கூடுகள் தாண்டியும் குலைவதில்லை. உச்சத்தின் கூர்மை அந்த நீண்ட வரிசையிலிருந்து வருகிறது. சாய்வுகள் உச்சத்தின் உயரத்தைக் கொஞ்சம் குறைத்து, அந்தப் பலத்தைப் பின்னணியில் மங்கலாகப் பரப்பிவிடும். உறைந்துபோன வெப்ப அதிர்வு என்று நினைத்துக்கொள்ளுங்கள். உச்சம் அகலமானால் வேறு காரணம் தேட வேண்டும்: படலம் மெலிது, இடத்துக்கு இடம் கலவை மாறுகிறது, இல்லையென்றால் இடப்பெயர்வுகள் (அணு வரிசையின் பிசகுகள்) ஏராளம்.

#11 பீசோ_பைத்தியம்

பக்தருக்கு ஒரு கேள்வி. இரண்டு முனைகளும் ஒரே அமைப்பாக இருந்தால் நேர்கோடு போடலாம். இரண்டும் வேறு வேறு அமைப்பாக இருந்தால்?

நான் வேலை செய்வது அலுமினியம் ஸ்கேண்டியம் நைட்ரைடில். அலுமினியம் நைட்ரைடு வுர்ட்சைட், ஒவ்வொரு அணுவுக்கும் நான்கு அண்டை. ஸ்கேண்டியம் நைட்ரைடு கல்லுப்பு அமைப்பு, ஆறு அண்டை. எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குக் கோடு போடுவீர்கள்? ஸ்கேண்டியம் நைட்ரைடு வுர்ட்சைட்டாக இருந்ததே இல்லை, அந்த முனையில் அளந்த எண் என்று ஒன்றும் இல்லை.

ஸ்கேண்டியம் ஏற ஏற என்ன ஆகிறது என்பதுதான் அழகு. சுத்த அலுமினியம் நைட்ரைடில் சி-க்கும் ஏ-க்கும் உள்ள விகிதம் 1.60. ஸ்கேண்டியத்துக்கு நான்கு பேர் நடுவே உட்கார மனமில்லை, தன் தளத்தைத் தட்டையாக்கி இன்னும் ஒருவரை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறது. ஏ அச்சு விடாமல் வளர்கிறது, சி அச்சு தயங்கிப் பின்பு சுருங்குகிறது, விகிதம் இறங்கிக்கொண்டே போகிறது. அமைப்பு உடையப்போகும் விளிம்பில் அணுக்களைத் தள்ளுவது மிக எளிது. 2009-ல் ஜப்பானில் அகியாமா குழு ஸ்கேண்டியம் 43 சதவீதம் அருகே அழுத்தமின் விளைவு (அமுக்கினால் மின்சாரம் தரும் தன்மை) சுத்த அலுமினியம் நைட்ரைடைப் போலச் சுமார் ஐந்து மடங்கு என்று காட்டியது. அதைத் தாண்டிப் போட்டால் கல்லுப்பு அமைப்பு வந்துவிடும். கல்லுப்புக்குச் சமச்சீர் மையம் உண்டு, அழுத்தமின் விளைவு அதோடு காலி. உச்சியில் போய் நிற்கும்போது அடுத்த அடி பள்ளம்.

#12 வெகார்டு_பக்தன்

இது என் கட்சிக்குத்தான் பலம். 43 தாண்டினால் அமைப்பு மாறுகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் அமைப்பைத் தீர்மானிப்பது கலவைதானே?

#13 கணக்குப்பிள்ளை

இயற்பியலாளர் பிலிப்ஸ் போட்ட கணக்கு உங்களுக்குப் பிடிக்கும். பிணைப்பின் அயனித்தன்மை 0.785-ஐத் தாண்டினால் ஆறு அண்டை, அதற்குக் கீழே நான்கு. இரட்டைச் சேர்மங்களை வரிசையாக வைத்தால் பிரமாதமாகப் பிரிந்து நிற்கும்.

ஆனால் கலவையில் அந்த எல்லை ஒரே இடத்தில் நிற்பதில்லை. துத்தநாக ஆக்சைடு வுர்ட்சைட், மக்னீசியம் ஆக்சைடு கல்லுப்பு. சூளையில் நிதானமாக வைத்துச் சமநிலைக்கு விட்டால் துத்தநாக ஆக்சைடு சுமார் 4 சதவீத மக்னீசியம் ஆக்சைடைத்தான் ஏற்கும். லேசரால் அடித்துப் படலமாகப் படியவைத்தபோது, 1998-ல் 33 சதவீதம் வரை வுர்ட்சைட்டாகவே வந்தது. கலவை என்ன என்பதோடு, அணுக்கள் மேற்பரப்பில் வந்து உட்கார்ந்த பிறகு இடம் மாற எவ்வளவு நேரம் கொடுத்தீர்கள் என்பதும் கேள்வி. குறைந்த வெப்பத்தில் வேகமாக மூடிவிட்டால் பிரிந்து போக வேண்டியவர்களும் பிரிய வழியில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்வார்கள்.

ஜெர்மானியத்தில் வெள்ளீயம் இன்னும் மோசமான கதை. சமநிலையில் ஏற்பது ஒரு சதவீதம் அளவுதான். தனியாக விட்டால் வெள்ளீயம் 13 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைர அமைப்பையே கைவிட்டு வெண்ணிற உலோகமாகிவிடும். அதையும் ஜெர்மானியத்துக்குள் திணித்து, 12.6 சதவீதம் வெள்ளீயத்தோடு 2015-ல் லேசரே செய்துவிட்டார்கள். குளிர்வித்துத்தான் ஓட்ட முடிந்தது என்பது வேறு விஷயம்.

#14 பழைய_வேஃபர்

இத்தனை நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கலவை ஒன்றே, அமைப்பு இரண்டு என்று ஒரு வழக்கு உண்டு, அதில் நான் நன்றாக மூக்குடைபட்டவன்.

காலியம் இண்டியம் பாஸ்பைடு. காலியம் ஆர்சனைடு அடித்தளத்தோடு லாட்டிஸ் சரியாகப் பொருந்த ஏறத்தாழ பாதிக்குப் பாதி, கணக்காகச் சொன்னால் காலியம் 51.5 சதவீதம். சிவப்பு ஒளி டயோடுக்கு வளர்த்துக்கொண்டிருந்தோம். எக்ஸ்ஆர்டியில் உச்சம் அடித்தளத்தின் மேலேயே அச்சு அசலாக உட்கார்ந்தது. கலவை சரி, திரிபு இல்லை. ஒளியுமிழ்வு எடுத்தால் ஆற்றல் இடைவெளி (வெளிவரும் ஒளியின் நிறத்தைத் தீர்மானிப்பது) எதிர்பார்த்ததைவிடக் கிட்டத்தட்ட 0.08 எலக்ட்ரான்வோல்ட் குறைவு. வாயு ஓட்டக் கட்டுப்படுத்தி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி அதைக் கழற்றி மாற்றினேன். புதிதிலும் அதே. வெப்பமானியைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் டிஇஎம் வைத்திருந்தவர் எலக்ட்ரான் விளிம்பு விளைவுப் படத்தைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். வழக்கமான புள்ளிகளுக்கு நட்டநடுவில், பாதித் தூரத்தில், கூடுதல் புள்ளிகள்.

அணுக்கள் வரிசைகட்டி நின்றிருந்தன. 111 திசையில் ஒரு தளம் காலியம் மிகுந்தது, அடுத்தது இண்டியம் மிகுந்தது, மறுபடி காலியம். செம்பும் பிளாட்டினமும் சேரும்போது வரும் ஒழுங்கு இது, அதனால் அந்தப் பெயராலேயே அழைக்கிறார்கள். கனசதுரச் சமச்சீர் போய் முக்கோணச் சமச்சீர் வந்துவிடுகிறது. மொத்தக் கலவையில் ஒரு சதவீதம்கூட மாறவில்லை, ஆற்றல் இடைவெளி மட்டும் இறங்கிவிட்டது. 1980-களிலேயே இதை எழுதிவைத்திருக்கிறார்கள், நான் படிக்காததற்குக் கட்டுப்படுத்தி என்ன செய்யும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், பெரிய கட்டியாக உருக்கி வளர்த்தால் இந்த ஒழுங்கு வராது. வளரும்போது மேற்பரப்பில் பாஸ்பரஸ் அணுக்கள் ஜோடி ஜோடியாகக் கைகோத்து நிற்கும். அந்த ஜோடிகளுக்குக் கீழே ஒரு வரிசை நெருக்கப்படும், பக்கத்து வரிசை இழுக்கப்படும். சின்ன காலியம் நெருக்கமான இடத்தையும் பெரிய இண்டியம் தாராளமான இடத்தையும் தேடிக்கொள்ளும். மேலே அடுத்த அடுக்கு மூடியதும் அந்த ஏற்பாடு உள்ளேயே உறைந்துவிடுகிறது. கொஞ்சம் ஆன்டிமனி தூவி மேற்பரப்பின் ஜோடிகளைக் கலைத்தால் ஒழுங்கும் கலைகிறது. வளர்க்கும் வெப்பத்தை நன்றாக ஏற்றினாலும் கலையும்.

எனவே கலவையைச் சொன்னால் மட்டும் போதாது பக்தரே. அந்த அணுக்கள் எப்படி உட்கார்ந்தன என்றும் சொல்ல வேண்டும்.

#15 வெகார்டு_பக்தன்

பெயரை மாற்றிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன்.

#16 மஞ்சள்_கட்டம்

பெரோவ்ஸ்கைட் (சூரியக்கலத்துக்குப் பயன்படும் ஒரு படிகக் குடும்பம்) ஆட்களை யாரும் கூப்பிடவே இல்லை. எங்கள் வீட்டில் கலவை வளர்த்த பிறகும் மாறும். பார்மமிடினியம் ஈய அயோடைடு கறுப்பு நிறத்தில் இருந்தால்தான் சூரியக்கலத்துக்கு உதவும். அறை வெப்பத்தில் வைத்தால் அறுகோண மஞ்சள் அமைப்புக்குப் போய்விடும். பார்மமிடினியம் அயனி படிகக் கூண்டுக்குச் சற்றுப் பெரிது, சீசியமோ ரொம்பச் சிறிது. சீசியம் கொஞ்சம் கலந்தால் சராசரி அளவு சரியாகி, கறுப்பு அமைப்பு நிலைக்கிறது. கோல்ட்ஷ்மிட் 1926-ல் போட்ட சகிப்புக் காரணியே (அயனி கூண்டுக்குப் பொருந்துமா என்று சொல்லும் எண்) இதற்கும் கணக்கு.

அயோடினோடு புரோமினையும் கலந்தவர்களின் பாடு தனி. இருட்டில் ஒரே கலவையாக இருப்பது வெளிச்சம் பட்டதும் அயோடின் மிகுந்த தீவுகளாகப் பிரிகிறது, மறுபடி இருட்டில் வைத்தால் சேர்ந்துகொள்கிறது. 2015-ல் ஹோக் குழு எழுதியது. எக்ஸ்ஆர்டியில் ஒற்றை உச்சம் பிளந்து மறுபடி கூடுவதையே பார்க்கலாம்.

#17 அரைத்தூக்கம்

பெரோவ்ஸ்கைட் பற்றித் தனி இழை தொடங்கினால் நல்லது. முதலில் கேட்டவர் ஓடிவிடப்போகிறார்.

#18 புதுப்படலம்

ஓடவில்லை, கருவிக்கு வரிசையில் நின்றேன்.

105 வரைபடம் எடுத்தேன். அக்கா சொன்னதேதான். படலத்தின் புள்ளி காலியம் நைட்ரைடின் புள்ளிக்கு நேர் கீழே இருக்கிறது, ஏ அச்சு 3.189. கணக்குப் போட்டால் 12 சதவீதம்.

இப்போது புதுப் பிரச்சினை. அதே நிபந்தனையில் 150 நானோமீட்டர் வளர்த்தேன். 0002 உச்சம் 33.81 டிகிரிக்கு நகர்ந்துவிட்டது, 33.89 பக்கம் ஒரு தோள் மட்டும் தெரிகிறது. முதல் படலத்தில் உச்சத்தின் இருபக்கமும் இருந்த சின்ன அலைகளும் காணவில்லை. 1996-ல் ஹோவும் ஸ்ட்ரிங்ஃபெல்லோவும் எழுதிய கட்டுரையைப் படித்தேன். 800 டிகிரியில் காலியம் நைட்ரைடுக்குள் இண்டியம் நைட்ரைடு 6 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் கரையும் என்று இருக்கிறது. என் படலம் இண்டியம் மிகுந்தது, குறைந்தது என்று இரண்டாகப் பிரிந்துவிட்டதா?

#19 விளிம்பு_விளைவு

இரண்டு உச்சம் கண்டதும் நிலைப்பிரிவு என்று எழுதுவது இந்தத் துறையின் பழைய வியாதி. அவசரப்படாதீர்கள்.

அந்த 6 சதவீதக் கணக்கு திரிபில்லாத கட்டிக்கு. ஏ அச்சில் இரண்டுக்கும் 11 சதவீத வேறுபாடு இருப்பதால் கலக்கும்போது ஆற்றல் விலை அதிகம், அதனால் பிரிய விரும்பும். அடித்தளத்தோடு ஒட்டி நிற்கும் படலத்தில் பிரிந்தாலும் பக்கவாட்டில் விரிய முடியாது, எனவே பிரிவதில் லாபம் குறைகிறது. நீல ஒளி டயோடுகளில் 15 சதவீதமும் அதற்கு மேலும் இண்டியம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தடிமன் ஏறினால் வேறொன்று நடக்கலாம். ஒரு கட்டத்தில் படலத்தால் அமுக்கத்தைத் தாங்க முடியாமல் இடப்பெயர்வுகளை உருவாக்கித் தளர்கிறது. தளர்ந்த பரப்பில் பெரிய இண்டியத்துக்கு இடம் தாராளம், அதே வாயு ஓட்டத்தில் அதிக இண்டியம் உள்ளே போகும். அப்போது அடியில் ஒரு கலவை, மேலே ஒரு கலவை. அலைகள் மறைந்ததும் தளர்வைத்தான் காட்டுகிறது. 33.81-ஐ நேர்கோட்டில் போட்டு 22 சதவீதம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இதற்கும் 105 எடுங்கள். இரண்டு புள்ளிகளும் ஒரே ஏ அச்சில் இருக்கின்றனவா, ஒன்று விலகி நிற்கிறதா என்று பாருங்கள்.

#20 கணக்குப்பிள்ளை

முடிந்தால் அடியிலிருந்து மேல்வரை ஈடிஎஸ் கோடு ஒன்றும் இழுங்கள். நிலைப்பிரிவு என்றால் பக்கவாட்டில் திட்டுத் திட்டாகத் தெரியலாம். அக்கா சொல்வது சரி என்றால் மாற்றம் உயரத்தில் மட்டும் தெரியும்.

#21 புதுப்படலம்

இரண்டும் எடுத்தாயிற்று.

105-இல் இரண்டு புள்ளிகள். மங்கலானது காலியம் நைட்ரைடுக்கு நேர் கீழே, பழைய 12 சதவீதம். வலுவானது விலகி நிற்கிறது: ஏ 3.212, சி 5.298. இரண்டையும் வைத்துத் தீர்த்தால் இண்டியம் 16 சதவீதம், தளர்வு 40 சதவீதம் வருகிறது. ஈடிஎஸ் கோட்டில் அடியிலிருந்து ஏறக்குறைய 50 நானோமீட்டர் வரை 12, அதற்கு மேல் ஏறி 16 பக்கம் நிற்கிறது. பக்கவாட்டில் திட்டு எதுவும் தெரியவில்லை.

#22 வெகார்டு_பக்தன்

16 சதவீதத்துக்கு அந்த ஏ, சி எண்களை எதை வைத்துத் தீர்த்தீர்கள்?

#23 புதுப்படலம்

திரிபைக் கழித்த பிறகு வெகார்டு விதியை வைத்துத்தான் :)

#24 வெகார்டு_பக்தன்

பெயரை மாற்றவில்லை.